வலுவிழந்த உடலும் தோல்வழிப் புகும் பூஞ்சையும்

மழைக்காலத்தில் ஈரச் சுவரிலும், தோல் செருப்பிலும், ஊசிப்போன சோற்றிலும் பூஞ்சை படர்வதை முத்துப்பேட்டையில் காணாதார் இலர். அதன் வித்துகள் வயல் மண்ணிலும், மட்கிய தழையிலும், நாம் உட்கொள்ளும் காற்றிலும் நிறைந்துள்ளன. ஆயினும் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றோம். காரணம் யாது? உட்புகும் வித்துகளைக் குருதியின் வெள்ளையணுக்கள் அழித்துவிடுகின்றன.

காவல் தளரும்போது

கட்டுப்பாடற்ற நீரிழிவு, இரத்தப் புற்றுநோய், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் உண்ணும் மருந்துகள், நெடுநாள் ஸ்டீராய்டு ஆகியவை இக்காவலைத் தளர்த்துவன. 2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது நாடெங்கும் 'கருப்புப் பூஞ்சை' பரவியதை மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு மே மாதம் தமிழக அரசு அதனை, கண்டவுடன் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. மியூகார்மைக்கோசிஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். அன்று மூக்கையும் கண்ணையுமே மிகுதியாகத் தாக்கிய அந்நோய், காயத்தின் வழியே தோலையும் தாக்க வல்லது.

கருமை பூஞ்சையின் நிறமன்று. பூஞ்சை இரத்தக் குழாயைத் துளைத்து அடைத்துவிட, குருதி பெறாத தசை இறந்து கருகுகிறது. அதுவே நாம் காணும் கருமை.

மண்ணும் காயமும்

இவ்வகைப் பூஞ்சைகளுள் ஒன்றான அபோபைசோமைசிஸ், வட இந்திய மாந்தோப்பு மண்ணில் கண்டறியப்பட்டு 1979இல் விவரிக்கப்பட்டது. 2011இல் அமெரிக்காவின் ஜாப்ளின் நகரைச் சூறாவளி தாக்கியபோது, ஆழ்ந்த காயமுற்ற 13 பேரை இவ்வினப் பூஞ்சை பற்றியது, ஐவர் இறந்தனர். அவர்களுள் பலர் முன்னர் நல்ல உடல்நலம் உடையவர்களே. எனில், எதிர்ப்பாற்றல் குன்றியோர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்! 2018இல் கஜா புயலைக் கண்ட நம் பகுதி இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

செய்ய வேண்டுவன

படர்தாமரை தோலின் மேற்பரப்பில் வளையமாய்ப் படர்ந்து அரிக்கும், களிம்புக்கு அடங்கும். இந்நோயோ சிவந்து, வீங்கி, சில நாளில் நடுவே கருத்து, ஆழமாகப் பரவும். களிம்பு இதற்குப் பயன்படாது. நீரிழிவால் உணர்ச்சி மரத்த காலில் வலியும் தோன்றாமற் போகலாம். எனவே வலியில்லை என்று வாளாவிருத்தல் கூடாது. கருத்த புண்ணைக் கண்ட அன்றே மருத்துவமனையை நாடுக. திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆய்ந்து நோயை உறுதி செய்வர். இறந்த தசையை அகற்றலும், ஆம்போடெரிசின் பி மருந்தை நரம்பில் செலுத்தலும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தலும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். நோயாளியைக் கண்டு அஞ்சி ஒதுங்க வேண்டா. இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று.

நோயின் முதற்காரணத்தை நாடி மருத்துவம் செய்க என்பது வள்ளுவர் நெறி. இங்கு முதற்காரணம் பூஞ்சை மட்டுமன்று; தளர்ந்த காவலுமாகும். வயலில் இறங்கும் நீரிழிவு நோயாளர் காலணி அணிதலும், நாள்தோறும் பாதத்தைக் கழுவி உற்று நோக்கலும், சிறு காயத்தையும் பேணலும் கடன். இல்லத்து முதியோரின் பாதங்களைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு, கற்ற மாணவர்களாகிய உங்களைச் சார்ந்தது.