மடிக்கணினியில் இடம் குறைந்தால்: அழிக்கும் முன் அளந்து பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரவு செலவு இரு மாநிலங்களையும் தொட்டு நடைபெறுகிறது. நிலவரி ரசீது கேரளத்தினுடையது; ஏலக்காய் விற்ற சீட்டு புற்றடியிலோ தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலோ நடைபெறும் மின்னணு ஏலத்தினுடையது. இவற்றோடு வங்கிக் கணக்கு அறிக்கையும் கடன் ஆவணமும் வீட்டு மடிக்கணினி ஒன்றிலேயே சேர்ந்துவிடுகின்றன. அந்தக் கணினி ஒருநாள் ‘இடம் போதவில்லை’ என்று எச்சரிக்கும்போது, பதற்றத்தில் கண்ணில் பட்டதை அழிப்பதே பெரிய இழப்புக்கு வழியாகிறது.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிந்துகொள்வோம். 256 ஜி.பி. எனக் குறித்த கணினியில் விண்டோஸ் ஏறத்தாழ 238 ஜி.பி. என்றே காட்டும். எதுவும் காணாமற்போகவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-இன் மடங்காகக் கணக்கிடுகிறது. வேறுபாடு அவ்வளவே.

இனி அளக்கும் முறை. செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம், அதனுள் ஸ்டோரேஜ் என்பதைத் திறவுங்கள். செயலிகள், ஆவணங்கள், படங்கள், தற்காலிகக் கோப்புகள் ஆகியவை எவ்வளவு இடம் பிடித்துள்ளன என்பது தனித்தனியே தெரியும். எந்தக் கோப்புறை பெரியது என்பதை இன்னும் நுணுக்கமாக அறிய விரும்புவோர், வின்டிர்ஸ்டாட் என்னும் கட்டணமற்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். விண்டோஸ் கோப்புறைக்குள் இருப்பது எவ்வளவு பெரிதாகத் தோன்றினாலும் அதைக் கையால் அழிக்காதீர்கள்.

டெம்பரரி ஃபைல்ஸ் என்ற பட்டியலில் மிகுந்த கவனம் தேவை. அதில் ‘டவுன்லோட்ஸ்’ என்ற வரியும் இடம்பெறும். பெயரைப் பார்த்துத் தற்காலிகமானவை என எண்ணி அதனைத் தேர்ந்தெடுத்தால், பதிவிறக்கிய கணக்கு அறிக்கைகளும் வரி ரசீதுகளும் ஒருசேர மறைந்துவிடும். முந்தைய விண்டோஸ் பதிப்பு என்ற வரியும் பல ஜி.பி. இடம் பிடிக்கக்கூடும், மேம்படுத்திய பின் எல்லாம் ஒழுங்காக இயங்கினால் அதனை நீக்கலாம். நீக்கிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப இயலாது.

உண்மையில் ஆவணங்களை அழிப்பதால் மிஞ்சும் இடம் மிகச் சொற்பம். ஒரு கணக்கு அறிக்கை பெரும்பாலும் சில நூறு கே.பி. அளவினதே. கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளியோ 100 எம்.பி. வரை எட்டக்கூடும். ஒரு திருமணக் காணொளியை வேறிடத்துக்கு மாற்றினாலே, பல்லாண்டு வங்கிக் கணக்குகளுக்குத் தேவையான இடம் கிடைத்துவிடும். ஆகவே கோப்புறையை அளவு வரிசையில் அடுக்கிப் பெரியவற்றை முதலில் பாருங்கள்.

மாற்ற விரும்புவதை வெளி வன்தட்டில் நகலெடுங்கள். அங்கே திறந்து பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் கணினியிலிருந்து நீக்குங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. முக்கிய ஆவணங்களுக்கு எப்போதும் இரண்டு பிரதிகள் இருக்கட்டும்.

கணினியைத் தூய்மை செய்து தருவதாக அறிமுகமற்றவர் தொலைபேசியில் அழைத்தால், அவர் சொல்லும் செயலியை நிறுவாதீர்கள், கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் எவரிடமும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

களஞ்சியத்தில் இடம் வேண்டுமென்று மூட்டையைப் பிரித்துப் பாராமல் எவரும் வெளியே எறிவதில்லை. கணினிக்கும் அதே நிதானம் போதும்.