ஃப்ளேர் விட்டும் ஏன் அடிபடுகிறோம்?

ரவாங்கில் வேலை முடிந்து வந்து, இரவில் வார் தண்டர் விளையாட்டில் எம்ஐ-24 ஹெலிகாப்டர் ஓட்டும் தம்பிகளின் புலம்பல் ஒன்றுதான்: "ஃப்ளேர் விட்டேன்ணே, அப்பவும் அடிச்சிட்டான்." பெரும்பாலும் இது விளையாட்டின் கோளாறு இல்லை. வந்த ஏவுகணை வேறு, காட்டிய தற்காப்பு வேறு.

முதலில், உங்களைத் துரத்துவது எதை நம்பி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டிங்கரும் இக்லாவும் இஞ்சின் வெப்பத்தைப் பார்த்து வரும் ஏவுகணைகள். துங்குஸ்கா என்ற வான்காப்பு வண்டியின் ஏவுகணைக்குச் சொந்தக் கண் கிடையாது; வண்டியில் இருப்பவர் உங்கள்மேல் குறியை வைத்திருக்கும்வரை அது வரும். ஸ்டார்ஸ்ட்ரீக் லேசர் கதிரைப் பிடித்துக்கொண்டு, ஒலியைவிட மூன்று மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் பாயும். நம் மலேசிய இராணுவத்திடமும் அது இருக்கிறது. கடைசி இரண்டுக்கும் எத்தனை ஃப்ளேர் கொட்டினாலும் வீண். நிஜத்திலும் அதே கதைதான். மலையோ மரமோ கட்டடமோ, எதன் பின்னாலாவது சட்டென்று இறங்கிவிடுங்கள்.

வெப்பத்தைத் தேடி வருவதைத் தன் சூட்டால் திசைதிருப்பும் எரிபொறிதான் ஃப்ளேர். அதை ஆராய்ச்சிப் பட்டியலில் திறந்து, ஹெலிகாப்டரில் பொருத்திய பிறகே களத்துக்குப் போங்கள். பொத்தானை விரல் எட்டும் இடத்தில் வையுங்கள். திறந்தவெளியைக் கடக்கும்போது இடைவெளி விட்டுத் தானாக உதிரும்படி அமைத்துக்கொள்ளலாம். எதிரி சுட்ட பிறகு விடுவதைவிட, அவன் குறி பிடிக்கும் முன்பே விடுவது நல்லது. விட்டதும் திசையை மாற்றுங்கள். நேராகவே போனால், ஃப்ளேர் எரிந்து தீர்ந்ததும் மறுபடியும் ஏவுகணையின் பார்வையில் நீங்கள்தான் இருப்பீர்கள்.

அடுத்தது லிபா. எம்ஐ-24இன் முதுகில் இருக்கும் சிறிய உருளை அது. உள்ளே சூடான விளக்கு. அதைச் சுற்றிச் சுழலும் பிளவுள்ள உறை வெப்பத்தை விட்டு விட்டுத் துடிக்க வைக்கும். பழைய ஏவுகணைகள் தம் கண்முன் சுழலும் தட்டு வெப்பத்தை மறைத்து மறைத்துக் காட்டுவதை வைத்தே இலக்கு எந்தப் பக்கம் என்று கணக்கிட்டன. லிபாவின் பொய்த் துடிப்பு அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். ஸ்டிங்கர் வகைக் கண்கள் இதற்கு அவ்வளவு லேசில் மயங்குவதில்லை. 1986 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத் அருகே ஸ்டிங்கர்கள் சோவியத் ஹெலிகாப்டர்களை வீழ்த்தின. லிபா, ஃப்ளேர், புகைபோக்கியின் வெப்பத்தைக் குறைக்கும் உறை, தாழப் பறத்தல் எல்லாம் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. ஆகவே லிபாவை எப்போதும் ஆனில் வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

விளையாட்டு நிஜத்தை விட்டு விலகுவது பார்வையில்தான். வெளியிலிருந்து பார்க்கும் கேமராவில் பின்னால் எழும் புகைகூடத் தெரிந்துவிடுகிறது. நிஜத்திலோ அப்படி இல்லை; தோளில் வைத்து ஏவும் வெப்பத்தேடி ஏவுகணை ரேடார் அலை எதையும் அனுப்புவதில்லை. அதனால் ரேடார் எச்சரிக்கைக் கருவிக்கு அது வருவதே தெரியாது. 1995 ஏப்ரல் 28, 29 தேதிகளில் யாழ்ப்பாணம் பலாலியை ஒட்டி இலங்கை விமானப்படையின் இரண்டு அவ்ரோ விமானங்கள் இந்த வகை ஏவுகணைகளால் அடுத்தடுத்து வீழ்ந்தன. உள்ளே இருந்த அத்தனை பேரும் மாண்டனர். அந்த ஆபத்தின் கனம் புரிய வேண்டுமென்றால் சிமுலேட்டர் முறையில், விமானி அறைக்குள் இருந்தே ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக, ஒரு நண்பரைக் கூப்பிட்டுத் தனிப்பயன் போரில் சோதியுங்கள். அவர் ஒவ்வொரு வண்டியாக எடுத்து, ஒரே தூரத்திலிருந்து முன், பக்கம், பின் என்று சுடட்டும். முதல் சுற்று ஃப்ளேரும் லிபாவும் இல்லாமல், அடுத்தது லிபாவோடு மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து. முடிந்ததும் ரீப்ளேயை மெதுவாக ஓட்டி, ஏவுகணை எந்த இடத்தில் உங்களை விட்டுவிட்டு ஃப்ளேரின் பக்கம் திரும்பியது என்று குறித்துவையுங்கள்.