ஆய்வகம் கட்டும்போது மேலாளர் கேட்க வேண்டியவை

ஆய்வகக் கட்டடங்களின் திட்ட மேலாளராகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒரு பக்கம் ஆர்க்கிடெக்ட், இன்னொரு பக்கம் விஞ்ஞானி. இருவரும் தத்தம் துறையில் கரைகண்டவர்கள். ஆனால் இருவருக்கும் நடுவே விட்டுப்போகிற விஷயங்கள்தான் பிற்பாடு சுவரை இடிக்க வைக்கின்றன. அவற்றை முன்கூட்டியே பிடிப்பதுதான் நம் வேலை. இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவைதான்.

பட்டியலோடு நிற்காதீர்கள். விஞ்ஞானி தரும் பட்டியலில் 'மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் – 4' என்று ஒரே வரி இருக்கும். ட்ராயிங்கில் அது நான்கு கட்டங்களாகிவிடும். ஆனால் அந்த ஃப்ரீசர் அறைக்குள் ஓயாமல் வெப்பத்தைத் தள்ளும், ஏ.சி. அதற்கும் ஈடுகொடுக்க வேண்டும். கரண்ட் போனால் வருடக்கணக்கில் சேர்த்த மாதிரிகள் பாழாகும். ஜெனரேட்டர் லைன் வேண்டும். லிஃப்ட்டிலும் வாசலிலும் அது நுழைய வேண்டும். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் எடை, வெப்பம், மின்சாரம், உள்ளே வரும் வழி ஆகிய நான்கையும் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வேலை நடக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். மீட்டிங்கில் "பெரிய மேஜை வேண்டும்" என்பார்கள். பழைய ஆய்வகத்தில் ஒரு காலைப் பொழுது நின்று பார்த்தால், அமிலக் குடுவையோடு சிங்க் வரை யார் யாரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்பது தெரியும். புகையை உறிஞ்சும் ஃப்யூம் ஹுட் பக்கத்திலேயே கதவு இருந்தால், திறக்கும்போதெல்லாம் காற்றோட்டம் கலைந்து புகை வெளியே வரக்கூடும். அதையும் அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும்.

தலைக்கு மேல் இடம் விடுங்கள். செலவைக் குறைக்க முதலில் தள உயரத்தில்தான் கைவைப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். கலிபோர்னியாவின் லா ஹோயாவில் விஞ்ஞானி ஜோனாஸ் சால்க்குக்காக ஆர்க்கிடெக்ட் லூயி கான் வடிவமைத்த ஆய்வு நிறுவனத்தில், குழாய்களுக்கும் டக்டுகளுக்கும் என்றே ஆய்வகங்களுக்கு மேல் ஆள் நடமாடும் உயரத்தில் தனித் தளங்கள் உண்டு. ஆய்வகத்துக்குள் தூண்களே இல்லை. 1960களில் கட்டியது, ஆராய்ச்சி எப்படி மாறினாலும் அறையை மாற்றியமைக்க இன்றும் அது இடம் தருகிறது.

மாற்றங்களுக்குக் கெடு வையுங்கள். லா ஹோயாவிலும் சால்க், நான்கு ஆய்வகக் கட்டடங்களை இரண்டாக்கச் சொன்னார். அப்போது எல்லாம் காகிதத்தில் இருந்ததால் அது முடிந்தது. கான்கிரீட் போட்ட பிறகு மாற்றம் கேட்டால், உடனே முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். ஆகும் செலவையும் தள்ளிப்போகும் நாட்களையும் எழுதிக் காட்டி, விஞ்ஞானியையே முடிவெடுக்கச் சொல்லுங்கள். அந்த அறையில் காலமெல்லாம் வேலை செய்யப்போகிறவர் அவர்தான்.