சோழவரத்தில் சீறிய கார்கள்

கேள்வி: ஐரோப்பாவில் சின்னக் கிராமங்கள்கூட கார் பந்தயத்தால் பேர் வாங்கியிருக்கின்றனவாமே! நம் திருவள்ளூர் பக்கம் அப்படி ஓர் ஊர் உண்டா?
- வாசகர், கடம்பத்தூர்

பதில்: உண்டு. உங்கள் மாவட்டத்துச் சோழவரம்தான் அது!

இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அங்கே இருந்தது. போர் முடிந்ததும் அதற்கு வேலை இல்லை. அகலமான, மேடுபள்ளமில்லாத, குறுக்கே மாடு வராத சாலை. பந்தயக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கே கார், பைக் பந்தயங்களை நடத்தியது. கூட்டம் திருவிழா மாதிரி திரண்டது.

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் கிராமத்துக்கும் இதே கதைதான். போர்க்கால விமானத்தளம் பந்தயத் தடமானது. ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் 1950 மே 13 அன்று அங்கேதான் நடந்தது. ஆனால், சில்வர்ஸ்டோனில் பந்தயம் வேரூன்றியது. சோழவரத்தில் அது குடியிருந்த இடம் இரவல்.

எனவே கிளப் சொந்தமாக இடம் தேடியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் தடம் 1990-இல் திறக்கப்பட்டது. ஹூண்டாய் அங்கே கார் தயாரிக்கத் தொடங்கியது 1998-இல். அதாவது, அந்த ஊரில் கார் பிறப்பதற்கு முன்பே கார் ஓடிவிட்டது!

இன்று சோழவரம் என்றால் ஏரிதான் நினைவுக்கு வருகிறது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த உறுமல் சத்தம் சிலர் காதில் இன்னும் இருக்கும்.