மே மாதத்திலேயே குழந்தையின் கண்ணைக் காட்டிவிடுங்கள்

ஜூனில் பள்ளி திறக்கும். புத்தகப் பை, சீருடை, ஷூ என்று பட்டியல் போடும் பெற்றோர் முதல் வரியாகக் கண் பரிசோதனையை எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம். மே முதல் வாரமே சரியான நேரம். காரணம், சொட்டு மருந்து.

சிறுபிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மிகவும் நெகிழ்வானது. எதையாவது உற்றுப் பார்த்தால் உள்தசை இறுகி லென்ஸின் வடிவத்தை மாற்றிவிடும். அந்த நிலையில் அளந்தால் இல்லாத மைனஸ் பவர் இருப்பதாகக் காட்டும். இருக்கிற பிளஸ் பவர் தெரியாமலே போகும். அதனால்தான் கண்ணாடிக் கடையில் ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை’ செய்து அப்படியே கண்ணாடி வாங்கிவருவது குழந்தைகளுக்கு ஆகாது. தசையைத் தளர்த்தும் மருந்து விட்டுப் பார்க்கும் அளவுதான் நம்பத்தக்கது.

மருத்துவமனையில் அரை நாளாவது ஆகும். குழந்தைக்கு வயிறார ஊட்டிவிட்டுக் கிளம்புங்கள். தொப்பியும் பிடித்த பொம்மையும் பையில் இருக்கட்டும். முதலில் ஒரு கண்ணை மூடி, ஆறு மீட்டர் தூரத்து அட்டையைப் படிக்கச் சொல்வார்கள். எழுத்து தெரியாத பிள்ளைக்குப் படங்கள் உண்டு. அல்லது ‘E’ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் காட்டினால் போதும். விரலிடுக்கு வழியாகப் பார்க்கிறதா என்று கவனியுங்கள், ஆனால் பின்னால் நின்று பதிலை எடுத்துக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது சொட்டு மருந்து. எரியும்; குழந்தை அழும். “வலிக்கவே வலிக்காது” என்று பொய் சொல்லாமல், “கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் சரியாகிவிடும்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். சில நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று தடவை விட்டு, பாவை விரியும்வரை உட்காரவைப்பார்கள். பிறகு இருட்டறையில் ஒரு விளக்கின் ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் பாய்ச்சி அப்படியும் இப்படியும் அசைப்பார்கள். உள்ளிருந்து திரும்பும் சிவந்த ஒளி நகரும் விதத்தைப் பார்த்து, ஒவ்வொரு லென்ஸாக முன்னே பிடித்துப் பவரைக் கண்டுபிடிப்பார்கள். பேசவே தெரியாத கைக்குழந்தைக்கும் இப்படி அளந்துவிடலாம். விழித்திரையையும் அப்போதே பார்த்துவிடுவார்கள்.

மருந்தைப் பொறுத்து ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோ பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். மிகச் சிறு குழந்தைகளுக்கும் மாறுகண் உள்ளவர்களுக்கும் அட்ரோபின் களிம்பை வீட்டிலேயே மூன்று நாள் போட்டுவரச் சொல்வதுண்டு; அதன் வேகம் இறங்க இரண்டு வாரம்கூட ஆகும். முகம் சிவந்து காய்ச்சல் அடித்தாலோ நெஞ்சு படபடத்தாலோ களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் மருந்து போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மருந்து இறங்கிய பிறகு மறுபடி ஒருநாள் வரச்சொல்லி, அன்றுதான் பெரும்பாலும் கண்ணாடிச் சீட்டு எழுதுவார்கள். கண்ணாடி தயாராகச் சில நாள். கூட்டிப் பாருங்கள், மூன்று வாரம் போய்விடும். பள்ளி நாளில் இதைச் செய்தால் பிள்ளை புத்தகத்தையே பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

“நன்றாகத்தானே பார்க்கிறான்” என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கண் தெளிவாக இருந்தால் மற்றதன் குறை வெளியே தெரியாது. மூளை அந்த மங்கலான கண்ணை ஒதுக்கத் தொடங்கிவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். வீட்டில் விளையாட்டாக ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் மூடும்போது மட்டும் குழந்தை கையைத் தட்டிவிட்டால் உடனே காட்ட வேண்டும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடியும், நல்ல கண்ணுக்கு ஒட்டும் பேட்சும் கொடுத்தால் பலன் நன்றாக இருக்கும். வயது ஏற ஏறக் கடினம். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பொன்னான வருடங்களைக் கடத்துவது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத வழக்கம்.

கண்மணியில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டெடுத்த படங்களில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே கிளம்புங்கள். அது விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

கோடையில் கண் அரித்துப் பிள்ளைகள் கசக்கிக்கொண்டே இருப்பார்கள். போன வருடச் சீட்டைக் காட்டி மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, தொடர்ந்து விட்டுவந்தால் கண்ணழுத்த நோயும் கண்புரையும் வரலாம்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்ற பயமும், பெண்பிள்ளைக்குக் கண்ணாடியா என்ற கவலையும் வேண்டாம். பிள்ளை வளர வளரப் பவர் மாறும், போட்டாலும் போடாவிட்டாலும். வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி காட்டுங்கள்.

சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கண் பிரிவிலும் இந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. இந்த வாரமே ஒரு நாளை ஒதுக்கி அழைத்துப் போங்கள்.