ஆராதனை இல்லாத நாளில் போ

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வருஷம் தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு போக நினைக்கிறாய், ஒரு நாள் போதுமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "பாட்டுதான் இருக்கிறதே, சமாதியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது" என்று உன் தோழி கேட்டதாகவும் எழுதியிருக்கிறாய். தோழியாவது மண்ணாவது! கேட்டது நீதான் என்று எனக்குத் தெரியாதா?

தாராளமாகப் போ. ஆனால் ஆராதனை நாளான பகுள பஞ்சமியன்று மட்டும் போய்விட்டுத் திருவையாற்றைப் பார்த்தாயிற்று என்று வந்து சொல்லாதே. அன்றைக்குக் கண்ணில் படுவது பந்தலும் கூட்டமும் டி.வி. கேமராவும்தான். பஞ்சரத்னக் கீர்த்தனைகளை நாட்டையில் தொடங்கி, கௌளை, ஆரபி, வராளி என்று போய் ஸ்ரீ ராகத்தில் முடியும்வரை அத்தனை பேரும் ஒரே குரலாகப் பாடும்போது உடம்பு சிலிர்க்கும், அதில் சந்தேகமே இல்லை. (வராளியைக் குரு நேரில் சொல்லித்தரக் கூடாதாம் என்று இன்னும் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாயா? கேட்டே பாடம் பண்ணியவர்கள் எத்தனையோ பேர். நீயும் பண்ணு.) ஆனால் சமாதியை நின்று பார்க்க அன்று இடமும் இருக்காது, நேரமும் இருக்காது. இன்னொரு நாள், சாதாரண ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, தஞ்சாவூரில் பஸ் ஏறிப் போ.

போனதும் நீ செய்யப்போகும் தப்பு எனக்கு இப்போதே தெரிகிறது. சன்னதியில் கும்பிடுவாய், படித்துறையில் நின்று காவிரியைப் போட்டோ எடுப்பாய், திரும்பிவிடுவாய். சன்னதிக்கு எதிரே ஓர் அம்மாள் சிலை இருக்கும். அது யார் என்று கேட்கக்கூட மாட்டாய். அவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மா. நீ கும்பிட்டுவிட்டு வந்த கோயிலைக் கட்டியவர்.

தியாகராஜர் 1847 ஜனவரியில், சந்நியாசம் வாங்கிக்கொண்டு சித்தியடைந்தார். காவிரிக்கரையில் சமாதி வைத்தார்கள். அதன் பிறகு கவனிப்பார் இல்லை. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து பார்த்து, தங்கள் குருநாதர் சமாதி கிடந்த கிடையைச் சகிக்காமல் எடுத்துக் கட்டினார்கள். ஆராதனைகள் தொடங்கின, பெரிய கட்சி சின்னக் கட்சி என்று பிரிந்து சண்டையும் வந்தது. ஆனாலும் இடம் மறுபடி பாழாயிற்று. 1921இல் அதைப் பார்த்த பிடாரம் கிருஷ்ணப்பா, தம் சிஷ்யை நாகரத்தினம்மாவுக்கு எழுதினார். அந்த அம்மாள் புறப்பட்டு வந்தார். நிலத்தை வாங்கினார். கச்சேரி பாடிச் சம்பாதித்ததையும் நகைகளையும் கொட்டி, 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடத்தினார்.

சரி, கட்டியாயிற்று. உள்ளே உட்கார்ந்து பாடினாரா? விடவில்லை. பெண்கள் அந்தச் சன்னதியில் பாடக் கூடாது என்றிருந்த காலம். போதாக்குறைக்கு அவர் தேவதாசி மரபில் பிறந்தவர். தம் காசில் எழுப்பிய கோயிலின் பின்புறத்தில் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துத் தனியாக ஆராதனை நடத்தினார். அதற்குப் பெண்கள் கட்சி என்றே பேர் வந்தது. 1940களின் தொடக்கத்தில் மூன்று கட்சிகளும் ஒன்றான பிறகுதான் ஆணும் பெண்ணுமாக அங்கே பாட முடிந்தது. இன்றைக்கு நீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கோஷ்டியில் உட்காரலாமா என்று யோசிக்கிறாயே, அந்த இடம் சும்மா கிடைத்ததில்லை. 1952இல் அவர் காலமானபோது அங்கேயே, தியாகராஜரைப் பார்த்தபடி, அவருக்கும் சமாதி வைத்தார்கள்.

"அப்படியானால் அது நூறு வருஷத்துக் கட்டடம்தானே, தியாகராஜர் காலத்தது இல்லையே" என்று நீ மடக்குவாய். வாஸ்தவம். நான் உன்னைப் போகச் சொல்வதே அந்த நூறு வருஷத்துக்காகவும்தான். திருமஞ்சன வீதியில் அவர் வாழ்ந்த வீட்டுக்கும் போய் வா. ஆனால் சுவரைத் தொட்டு, ஐயா தொட்ட சுவர் என்று கண் கலங்காதே. பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டியது அது. பழுது பார்த்து வைத்திருக்கலாம். எனக்கு அதில் இன்னும் ஆறவில்லை.

இனி உன் "தோழி"யின் கேள்வி. பாட்டு இருக்கிறதே என்கிறாய். அது எப்படி இருக்கிறது? அதற்கு எட்டயபுரம் வரைக்கும் போக வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று அங்கேதான் காலமானார். அவர் சமாதியும் அங்கேதான். பாரதி மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடும் கூட்டத்தில் நீயும் சேராதே. தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்து வித்வான். அவர் சுவீகாரம் எடுத்துக்கொண்ட பேரன் சுப்பராம தீட்சிதர், குடும்பத்தில் பாடம் பாடமாக வந்த கீர்த்தனைகளைக் கமகக் குறிகளோடு எழுதி, 1904இல் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி"யாக அதே ஊரில் அச்சிட்டார். இன்றைக்கும் தீட்சிதர் பாடத்தில் சந்தேகம் வந்தால் வித்வான்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். தியாகராஜருக்கு வாலாஜாபேட்டை சிஷ்யர்கள் எழுதிவைத்தார்கள். அந்தச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. பாட்டு தானாக இருந்துவிடாது, குட்டி. ஒருவர் எழுதிவைத்தார், ஒருவர் நகையை விற்றார். எழுதியவர் பெயராவது புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும். கட்டியவர் பெயரை அந்த இடத்துக்குப் போனால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த திருவாரூரை இதில் சேர்க்கவில்லை என்று கோபிக்காதே. அங்கே பெரிய கோயிலுக்கே இரண்டு நாள் வேண்டும், அதைத் தனியாக வைத்துக்கொள்.

திருவையாற்றுச் சமாதியில் போனை எடுத்துச் சுருதிப் பெட்டியாக வைத்துக்கொள், வேறெதற்கும் வேண்டாம். பாடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்டுத் தயங்காதே, மெதுவாக உட்கார்ந்து பாடு. ஒரு கீர்த்தனை தியாகராஜர் சன்னதியில், இன்னொன்று எதிரே அந்த அம்மாள் முன்னால். புறப்படும் தேதியை முன்கூட்டியே எழுது. முடிந்தால் நானும் தஞ்சாவூருக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அத்தை