பட்டினி கிடந்தால் மெலிந்துவிடலாமா?

உடல் எடையைப் பற்றி நம்மிடையே உலவும் பேச்சில் வயிறும் நாக்கும்தான் குற்றவாளிகள். ஆனால் பசியை ஆள்வது மூளை. அதன் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ், உடலில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு உணவு வந்து சேர்கிறது என்பதை ஹார்மோன்கள் வழியே ஓயாமல் அறிந்துகொண்டே இருக்கிறது. இதை மறந்து தொடங்கும் பட்டினி, உடலைப் பலவிதங்களில் பாதிக்கிறது.

நம்பிக்கை: குறைத்த எடை மறுபடி ஏறினால், வாயைக் கட்டத் தெரியவில்லை என்று பொருள்.

உண்மை: கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், இருப்பு போதும் என்று மூளைக்குத் தெரிவிக்கும் ஹார்மோன். 1994-இல் நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டுவது. உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இழந்தால் லெப்டின் சரிகிறது, கிரெலின் கூடுகிறது. மெல்பர்னில் 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்தவர்களை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஓராண்டு கழிந்த பின்னும் அவர்களின் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. எடை திரும்பியவரிடம் மன உறுதி இல்லை என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

நம்பிக்கை: சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்க, எடை அதே வேகத்தில் இறங்கிக்கொண்டே போகும்.

உண்மை: இதற்கான பதிலை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 1944 நவம்பரில் தொடங்கிய ஆய்வு தந்துவிட்டது. மனசாட்சியின் பேரில் போரிட மறுத்த 36 இளைஞர்கள் அதில் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி. உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு போயிற்று. ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலோ சுமார் 40 சதவீதம் குறைந்தது. உடல் சிறுத்ததால் ஆன குறைவு ஒரு பகுதி. மிச்சம், உடல் தானாகவே சிக்கனத்துக்கு மாறியதால் வந்தது. நாடித்துடிப்பு தளர்ந்தது, குளிர் தாங்கவில்லை, காம உணர்வு மங்கியது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கியவர்களும் உண்டு. மீண்டும் வயிறார உண்ணத் தொடங்கியபோது கொழுப்புதான் விரைவாகத் திரும்பியது. தசை மெதுவாகவே தேறியது.

நம்பிக்கை: எடை குறைந்தால், குறைந்தது கொழுப்புதான்.

உண்மை: எடை இயந்திரம் கொழுப்பையும் தசையையும் பிரித்துச் சொல்லாது. வெறும் உணவுக் குறைப்பால் இறங்கும் எடையில் சுமார் கால் பங்கு, தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத திசுக்களாக இருக்கக்கூடும். தசை குறைந்தால் வலிமை குறைகிறது, ஓய்வில் எரியும் ஆற்றலும் குறைகிறது. பருப்பு, முட்டை, மீன், பால் போன்ற புரத உணவும், எடை தூக்கும் பயிற்சியும் இந்த இழப்பைத் தடுக்க உதவும்.

நம்பிக்கை: டயட்டில் இருக்கும்போது மாதவிடாய் தள்ளிப்போவது சகஜம்.

உண்மை: ஆற்றல் போதாது என்று உணர்ந்ததும், இனப்பெருக்கத்தைத் தூண்டும் சமிக்ஞைகளை ஹைப்போதாலமஸ் அடக்கிவிடுகிறது. அதனால் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, நாளடைவில் எலும்பு தேய்கிறது. இளம்பெண்களுக்கு இது பெரிய இழப்பு. மாதவிடாய் நின்றால், டயட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்தால் போதும், அளவு பார்க்க வேண்டாம்.

உண்மை: சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. எல்லோரும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் உண்டார்கள். இரு பிரிவினரின் எடை இழப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

எடையைக் குறைக்க வேண்டியவர்கள் குறைக்கத்தான் வேண்டும். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அது நல்ல மருந்து. ஆனால் ஒரே மாதத்தில் பத்து கிலோ என்ற விளம்பரத்தை நம்பி உடலை வதைக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, தசையைக் காத்துக்கொண்டு, மருத்துவரின் துணையோடு குறையுங்கள். எடை திரும்ப ஏறிய ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அவரைக் கேலி செய்யாதீர்கள்.